சொரியாசிஸ் என்று ஓடிய மாதங்கள்

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அம்மாவையோ அப்பாவையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் பகலில் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக. தோல் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன விஷயம் எப்படி ஒரு வீட்டையே புரட்டிப்போடும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஐந்து மாதமும் நாற்பதாயிரத்துக்கு மேல் பணமும் மிஞ்சியிருக்கும். கூடவே ஒரு நல்ல மனுஷி, செய்யாத குற்றத்துக்குப் பேச்சு வாங்கியிருக்க மாட்டார்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். நான் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு வணிகவியல் எடுக்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில். வீட்டில் நானும் இரண்டரை வயசுப் பையனும் அம்மாவும். அம்மாவுக்குச் சர்க்கரை பல வருஷமாக உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை, வலது கால் வராது. பேச்சு குழறும். காலையில் நான் கிளம்புவதற்குள் செல்வி அக்கா வந்துவிடுவார். தேவனாம்பட்டினத்துக்காரர். அம்மாவைத் துடைத்துவிடுவது, புரட்டிப் போடுவது, ஊட்டுவது, சாயங்காலம் நான் வரும்வரை பையனைப் பார்ப்பது எல்லாமே அவர்தான்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் அம்மாவின் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் வெள்ளையாகச் செதில் செதிலாக வந்தது. வறட்சி என்று தேங்காயெண்ணெய் தடவினோம். குறையவில்லை, தடித்தது. உள்ளங்கையில் சுண்ணாம்பு பூசிக் காய்ந்த மாதிரி ஒரு பொருக்கு, நகமெல்லாம் மஞ்சளாகத் தடித்து, தலையில் பொடுகு போல உதிர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் காட்டினேன். பார்த்த உடனே சொரியாசிஸ் என்றார்கள். வீரியமான ஸ்டீராய்டு ஆயின்மென்ட், தார் கலந்த ஷாம்பு, ரத்தப் பரிசோதனை. பத்துப் பன்னிரண்டு நாள் கொஞ்சம் சிவப்பு குறைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் முழங்கை, இடுப்பு, பிட்டம் என்று பரவியது. இன்னொரு இடத்துக்குப் போனோம். அங்கே ஸ்டீராய்டின் வீரியத்தைக் கூட்டினார்கள். வாரத்துக்கு ஒருமுறை போடும் ஒரு மாத்திரையைத் தொடங்கலாம் என்றார்கள். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. கிட்னி ரிப்போர்ட் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனதில் அது தொடங்கப்படவில்லை. எங்கள் அதிர்ஷ்டம் என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்த மாதங்களில் அம்மா அதிகம் சொறியவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லோரையும் திசை திருப்பியது அதுதான். ஒட்டுவாரொட்டியாக இருந்தால் அரிக்குமே, அம்மாவுக்கு அரிக்கவில்லையே, அப்படியானால் இது வேறு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அம்மாவுக்கு அரிக்கவில்லை, எங்களுக்கு அரித்தது. முதலில் செல்வி அக்காவுக்கு. ராத்திரி ஆனால் தூங்க முடியவில்லை டீச்சர் என்றார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டுக்கொண்டார். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒன்றாகக் கலந்த டியூப், எழுபது எண்பது ரூபாய்க்குக் கிடைப்பது. அப்புறம் எனக்கு. இடுப்பிலும் அக்குளிலும் மார்புக்குக் கீழேயும் சின்னச் சின்னப் பரு. வகுப்பில் நின்றுகொண்டு புடவை மடிப்புக்குள் கை போகாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொள்வேன். எனக்கு அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார்கள். பையனுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நீர் கோத்த கொப்புளங்கள். அது வேர்க்குரு என்றார்கள். உள்ளங்காலில் வேர்க்குரு வருமா என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. நாலு பேருக்கு நாலு இடம், நாலு வியாதி, நாலு பில். நாலு பேரையும் ஒன்றாக ஒருத்தரும் பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் நாத்தனார் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். போன பிறகு போன் செய்து, அந்த வேலைக்காரம்மாதான் கொண்டுவந்திருக்கிறாள், நிறுத்து என்றார். சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் அதே தீர்ப்பு. செல்வி அக்கா காதில் விழுந்துவிட்டது. மறுநாளிலிருந்து வரவில்லை. ஏஜென்சி மூலம் ஆள் வைத்தேன். மாசம் பதினெட்டாயிரம் கேட்டார்கள். வந்த பெண் அம்மாவின் கையைப் பார்த்துவிட்டுக் கிளவுஸ் இல்லாமல் தொட மாட்டேன் என்றாள், இரண்டாவது வாரம் நின்றுவிட்டாள். முன்பணம் திரும்பி வரவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் போட்டுவிட்டு, சொறிந்துகொண்டே உட்கார்ந்து அழுதிருக்கிறேன். வீடியோ காலில் வீட்டுக்காரர் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பேன். தோல் வியாதி என்றால் வெளியே சொல்லக் கூசுகிறது. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. மாரடைப்பு என்றால் வரிசையாக வந்து பார்ப்பார்கள், அரிப்பு என்றால் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்காருவார்கள்.

பள்ளியில் சயின்ஸ் எடுக்கும் மேடம் ஒருவர்தான் கவனித்துவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போங்கள் என்றார். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் படுத்த படுக்கையான ஆளைக் கூட்டிப்போவது என்றால் வண்டி பிடிக்க வேண்டும். அதிகாலையில் கிளம்பினோம். செல்வி அக்காவையும் கெஞ்சிக் கூப்பிட்டுக்கொண்டேன். கன்னியகோயில், அரியாங்குப்பம் தாண்டி நகரத்துக்குள் புகுந்து கோரிமேடு போய்ச் சேரும்போதே சீட்டு வாங்கும் வரிசை நீண்டிருந்தது.

எங்களைப் பார்த்தவர் சின்ன வயசு டாக்டர். அம்மாவின் கையைப் பார்ப்பதற்கு முன்னால், வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா, ராத்திரியில் அதிகமா என்று கேட்டார். அத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் என் கையையும் பையன் காலையும் காட்டினேன். செல்வி அக்கா விரல் இடுக்கைக் காட்டினார். டாக்டர் அம்மாவின் உள்ளங்கையில் இருந்து செதிலைக் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். எட்டுக் காலோடு உருண்டையாக ஒன்று, பக்கத்தில் முட்டைகள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி. சாதாரணச் சிரங்கில் ஒரு ஆள் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்குமாம். அம்மாவுக்கு வந்திருப்பது கிரஸ்டட் ஸ்கேபீஸ், அதாவது பொருக்குக் கட்டிய சிரங்கு. இதில் ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் இருக்கும். உதிர்கிற ஒவ்வொரு செதிலிலும் பூச்சி. 1848இல் நார்வேயில் தொழுநோயாளிகளிடம் முதலில் விவரித்தார்கள் என்பதால் நார்வேஜியன் சிரங்கு என்றும் ஒரு பெயர் உண்டு.

அம்மாவுக்கு ஏன் அரிக்கவில்லை என்று கேட்டேன். அரிப்பு என்பது பூச்சிக்கு எதிராக நம் உடம்பு காட்டும் கோபம். வயசு, சர்க்கரை, அதற்கு மேல் ஸ்டீராய்டு என்று அந்தக் கோபம் அடங்கிப்போன உடம்பில் பூச்சி பெருகிக்கொண்டே போகும். பக்கவாதத்தில் உணர்ச்சி குறைந்த பக்கத்தில் அரிப்பு தெரியாது, தெரிந்தாலும் சொறியக் கை வராது. சொறிவதால்கூட ஓரளவு பூச்சி வெளியேறுகிறது என்றார். கட்டிலில் கிடக்கும் பெரியவருக்குக் கையில் பொருக்கு, பார்த்துக்கொள்பவருக்கு ராத்திரி அரிப்பு என்ற ஜோடியைப் பார்த்தால், யார் என்ன பெயர் சொல்லியிருந்தாலும், ஒரு செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதிகம் செலவு வைக்காத பரிசோதனை.

யார் கொண்டுவந்தார்கள் என்ற பஞ்சாயத்துக்கும் அங்கே ஒரு பதில் கிடைத்தது. முதல் தடவை சிரங்கு வரும்போது பூச்சி ஏறி நாலிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் அரிப்பு தொடங்கும். அதனால் முதலில் சொறிந்தவர்தான் கொண்டுவந்தவர் என்று சொல்லவே முடியாது. எங்கள் வீட்டில் அம்மாவின் கைப்பொருக்குதான் முதலில், செல்வி அக்காவின் அரிப்பு அதற்குப் பிறகு. அம்மா பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் எத்தனையோ பேர் தொட்டுத் தூக்கியிருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்பது இனி தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னதை செல்வி அக்கா இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வண்டியில் திரும்பும்போது நாத்தனாருக்கு நானே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

இனி மருந்து விஷயம். நான் வணிகவியல் படித்தவள்தான், ஆனால் அம்மாவுக்குக் கொடுக்கும் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் கொடுக்கப் பிடிக்காது. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சிரங்குக்கு உடம்பு முழுக்கத் தடவும் பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம் உண்டு. நல்ல மருந்து. ஆனால் கழுத்திலிருந்து கால் விரல் வரை, நகத்துக்கு அடியில், தொப்புளில், மறைவிடத்தில் எல்லாம் தடவி எட்டு மணி நேரமாவது விட வேண்டும். ஒரு பெரியவருக்கு ஒரு தடவைக்கே முப்பது கிராம் டியூப் ஒன்று போய்விடும். கல்லு மாதிரி இறுகிய பொருக்குக்குள் க்ரீம் இறங்காது. அதனால் அம்மாவுக்கு வாய்வழி மாத்திரையும் சேர்த்துத் தந்தார்கள். ஐவர்மெக்டின்.

இந்த மாத்திரையின் பிறப்பு வேடிக்கையானது. ஜப்பானில் சதோஷி ஓமுரா என்ற விஞ்ஞானி 1970களில் இட்டோ நகரத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்த மண்ணில் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தார். அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்ப்பெல் குழு, அது சுரக்கும் பொருள் எலிகளின் குடல் புழுவைக் கொல்வதைக் கண்டது. அதைக் கொஞ்சம் மாற்றி 1981இல் முதலில் ஆடு மாடு குதிரைக்குத்தான் விற்பனைக்கு வந்தது. பிறகு ஆப்பிரிக்காவில் கண்ணைப் பறிக்கும் ஆற்றுக்குருடு நோய்க்கு மனிதர்களிடம் சோதித்து, 1987இல் அந்த நோய்க்கு இலவசமாகவே தருகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. 2015இல் இருவருக்கும் நோபல் பரிசு. சிரங்குக்கு இதே மாத்திரை பயன்படும் என்று 1990களில் தெரிந்தது. பிரான்ஸ் 2001இல் அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது, 2019இல் சிரங்குக்கான அத்தியாவசிய மருந்தாக ஐவர்மெக்டினையும் சேர்த்தது. ஆடு மாட்டுக்கு வந்த மருந்து நம் வீட்டுக்கு வர இவ்வளவு வருஷம். சொறி வந்து யாரும் சாவதில்லை என்று எல்லோரும் அலட்சியமாக இருந்ததுதான் காரணம் என்பது என் எண்ணம். உண்மையில் சொறிந்த புண்ணில் கிருமி ஏறினால் சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும்.

பூச்சியின் நரம்பிலும் தசையிலும் உள்ள ஒரு வகை வாசல்களை இந்த மருந்து திறந்தே வைத்துவிடும். பூச்சி செயலிழந்து சாகும். அந்த வகை வாசல் மனிதர்களுக்குக் கிடையாது. கொஞ்சம் ஒத்துப்போகும் வாசல்கள் மூளையில் இருக்கின்றன, ஆனால் மருந்து மூளைக்குள் நுழையாமல் ரத்தக்குழாய்ச் சுவரே வெளியே தள்ளிவிடும். 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்பானது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லாததால் பொதுவாகத் தருவதில்லை. என் பையன் பன்னிரண்டு கிலோதான். அவனுக்கு க்ரீம் மட்டும், அதையும் முகம் தலை உட்பட எப்படித் தடவுவது என்று காட்டிக்கொடுத்தார்கள். கையில் தடவியதை நக்கிவிடாமல் இருக்கச் சாக்ஸ் போட்டுவிட்டேன்.

மாத்திரையின் அளவு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது அறுபது கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம். படுத்திருக்கும் அம்மாவின் எடை எனக்குத் தெரியாது. பக்கவாதத்துக்கு முன்னால் எழுதிய பழைய சீட்டில் அறுபத்திரண்டு இருந்தது. டாக்டர் அதை ஏற்கவில்லை. வண்டி ஓட்டி வந்த தம்பி அம்மாவைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் நின்று, அப்புறம் தனியாக நின்று, கழித்துப் பார்த்தால் நாற்பத்தாறு. போகும் முன்பே வீட்டில் எடை பார்த்து எழுதிக்கொண்டு போங்கள், அப்படியே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு போட்டால் மருந்து உடம்பில் அதிகம் சேரும் என்பதால் எங்களைச் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னார்கள். மாத்திரையோடு வரும் விளக்கச் சீட்டில் வெறும் வயிற்றில் என்று இருந்தது, அது குடல் புழுவுக்கான கணக்கு. குழப்பம் வந்தால் எழுதிக்கொடுத்தவரிடமே கேளுங்கள்.

இப்போது இந்த விஷயத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். ஐவர்மெக்டின் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் பதினெட்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பெண்பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும், மூன்று நாலு நாளில் பொரியும், பத்துப் பதினாலு நாளில் வளர்ந்துவிடும். முதல் மாத்திரை போட்டு மருந்து உடம்பை விட்டுப் போன பிறகு முட்டை பொரிந்தால் கதை முதலிலிருந்து. அதனால்தான் சாதாரணச் சிரங்குக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து இரண்டாவது தடவை. 2000இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், ஒரு தடவை மட்டும் ஐவர்மெக்டின் போட்டதில் 70 சதவீதம் பேர் குணமானார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை போட்டபோது அது 95 சதவீதம் ஆனது. அம்மாவின் நிலைக்கு இரண்டு தடவையும் போதாது. 1, 2, 8, 9, 15 ஆகிய நாட்களில் மாத்திரை, தேவைப்பட்டால் 22, 29ஆம் நாட்களிலும். நடுவில் பெர்மெத்ரின், பொருக்கைக் கரைக்க சாலிசிலிக் ஆசிட் களிம்பு. நான் பள்ளி டைம்டேபிள் போடுவது போல ஒரு சார்ட் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். கிழமை அல்ல, தேதி எழுதுங்கள். அடுத்த புதன் என்றால் எந்தப் புதன் என்று சண்டை வரும்.

எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. எல்லோரும் என்றால் அரிப்பு இல்லாதவர்களும். எங்கள் வீட்டில் நாங்கள் கொஞ்சம் பேர்தான். செல்வி அக்கா வீட்டில் கணவர், இரண்டு பெரிய பிள்ளைகள், கூடவே இருக்கும் அக்கா. அவர்களை விட்டுவிட்டு எங்களுக்கு மட்டும் மருந்து போட்டால் ஒரு மாதத்தில் பூச்சி திரும்பி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நானே தேவனாம்பட்டினம் போனேன். செல்வி அக்காவின் பையன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கொரோனா மாத்திரைதானே டீச்சர் என்றான். 2021இல் இதைக் கொரோனாவுக்கு என்று வாங்கி அடுக்கியது அவனுக்கு நினைவிருக்கிறது. கொரோனாவுக்கு அது பலன் தரவில்லை என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்துபோனதை விளக்கினேன். அவனுடைய அப்பாவுக்கு அது யானைக்கால் மாத்திரை மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் வீடு வீடாக வந்து கொடுப்பார்களே, வாங்கி வைத்துக்கொண்டு போடாமல் இருந்தோமே என்றார் சிரித்துக்கொண்டே. அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. யானைக்கால் நோய்க்கான பழைய இரண்டு மருந்துகளோடு ஐவர்மெக்டினையும் சேர்த்து மூன்றாகக் கொடுக்கும் முறையின் பாதுகாப்பைக் கர்நாடகத்தின் யாத்கிரில் சோதித்ததில், ஜிப்மருக்குப் பக்கத்தில் இருக்கும் நம் புதுச்சேரி வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டரின், அதாவது நோய் பரப்பும் கொசு போன்ற பூச்சிகளை ஆராயும் மையத்தின், விஞ்ஞானிகளுக்குப் பங்கு உண்டு. ஊர் முழுக்க ஒரே நாளில் மாத்திரை கொடுப்பதைச் சிரங்குக்கும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஃபிஜி தீவுகளில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஐவர்மெக்டின் எல்லோருக்கும் கொடுத்த இடங்களில் 32.1 சதவீதம் பேரிடம் இருந்த சிரங்கு ஒரு வருஷத்தில் 1.9 சதவீதம் ஆனது. எல்லோருக்கும் க்ரீம் கொடுத்த இடத்தில் 15.8 வரைக்கும்தான் இறங்கியது. க்ரீமை முழுசாகத் தடவுவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் ஆச்சரியமாக இருக்காது. இதையெல்லாம் சொன்ன பிறகு அந்தக் குடும்பம் முழுக்க என் கண் முன்னால் மாத்திரையை விழுங்கியது. அவர்களுக்கும் ஜிப்மரில் காட்டி எழுதி வாங்கியதுதான், என் சீட்டில் பங்கு போட்டது அல்ல.

துணி துவைப்பதுதான் என் முதுகை ஒடித்தது. பூச்சி உடம்பை விட்டு வெளியே இரண்டு மூன்று நாள்தான் உயிரோடு இருக்கும். சாதாரணச் சிரங்கில் துணி வழியாகப் பரவுவது குறைவு. ஆனால் அம்மாவின் செதில் விழுந்த படுக்கை அப்படி அல்ல. அண்டாவில் வெந்நீர் காய்ச்சி விரிப்பு, தலையணை உறை, புடவை, துண்டு எல்லாம் ஊறவைத்துத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். துவைக்க முடியாத கம்பளி, பையனின் பொம்மைகள், அம்மாவின் சக்கர நாற்காலி மெத்தை எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி ஒரு வாரம் தொடாமல் வைத்தேன். தரையைப் பெருக்கினால் செதில் பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு நகத்துக்கு அடியிலும் பழைய டூத் பிரஷ்ஷால் மருந்து தேயுங்கள். வீடு முழுக்கப் பூச்சிமருந்து அடிக்க ஒருத்தர் ஆறாயிரம் கேட்டார். டாக்டரிடம் கேட்டதில் தேவையே இல்லை என்றுவிட்டார்.

முதல் மாத்திரை போட்ட பிறகு அரிப்பு கூடியது போல இருந்தது. பயந்துபோய் போன் செய்தேன். செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலுக்குள் இருக்கும்வரை உடம்பு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும், இரண்டிலிருந்து நாலு வாரம் அரிக்கலாம் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தார்கள், நான் கவனிக்கவில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மருந்து பலிக்கவில்லை என்று மறுபடி மறுபடி வாங்கிப் போடுகிறார்கள். வடக்கு ஆஸ்திரேலியாவில் பொருக்குச் சிரங்குக்காகப் பலமுறை ஐவர்மெக்டின் எடுத்த இரண்டு நோயாளிகளின் பூச்சிகளுக்கு அந்த மருந்தே உறைக்காமல் போனதை 2004இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். கணக்கில்லாமல் போடுவது அதனால்தான் ஆபத்து. இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. எனக்கு இரண்டாவது மாத்திரைக்கான தேதி வருவதற்குள் தோல் தெளிந்துவிட்டது. செல்வி அக்காவின் பையன், நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இன்னொன்று என்றான். முட்டையின் கதையை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ஒரே தடவையில் முடிகிற மாத்திரை வரக்கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வேலை நடக்கிறதாம். மாக்ஸிடெக்டின் என்ற மருந்து ஐவர்மெக்டினுக்கு உறவுக்காரன், ஆனால் அதன் அளவு பாதியாக இருபது நாளுக்கு மேல் ஆகும். அதாவது முட்டையெல்லாம் பொரிந்து முடியும்வரை மருந்து உடம்பில் காத்திருக்கும். ஆற்றுக்குருடு நோய்க்கு 2018இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. சிரங்குக்கு முதலில் பன்றிகளிடம் சோதித்தார்கள், பிறகு மனிதர்களிடமும் சோதிக்கத் தொடங்கினார்கள். நாய்களுக்கு உண்ணி போகக் கடித்து மெல்லத் தரும் மாத்திரைகளில் உள்ள அஃபாக்சோலனரும் பன்றிச் சோதனையில் ஒரே வேளையில் பூச்சியை ஒழித்தது. பன்றி ஏன் என்றால், இந்தப் பூச்சியைச் சோதனைக்கூடத்தில் தனியாக வளர்க்க வழியில்லை, உயிருள்ள தோல் வேண்டும். சாதாரணச் சிரங்கில் ஆளுக்குப் பத்துப் பதினைந்து பூச்சிதான் என்பதால் ஆராயப் போதிய பூச்சி கிடைப்பதே கஷ்டம். சிரங்கு மருந்து மெதுவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைப் படித்துவிட்டு யாரும் கால்நடை மருந்துக்கடைக்குக் கிளம்ப வேண்டாம். நாய் மாத்திரையிலும் மாட்டு ஊசியிலும் உள்ள அளவு மனிதனுக்கானது அல்ல.

அம்மாவுக்கு 22ஆம் நாள் மாத்திரையும் தேவைப்பட்டது. கடைசியாகச் சுரண்டிப் பார்த்தபோது பூச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. உள்ளங்கையில் ரேகை தெரிய ஆரம்பித்தது. எங்கள் எல்லோருக்குமான மாத்திரை, க்ரீம், களிம்பு எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைத் தாண்டவில்லை. வண்டி வாடகைதான் அதைவிட அதிகம். செல்வி அக்கா திரும்ப வேலைக்கு வந்துவிட்டார். வரும்போதே சம்பளத்தில் ஆயிரம் கூட்டிக் கேட்டார், கொடுத்தேன். நாத்தனார் அடுத்த மாதம் வந்தார். வந்த கையோடு தொடையில் வட்டமாக இருப்பதைக் காட்டி, உன் மாத்திரையில் ஒன்று கொடு என்றார். அது படை, பூஞ்சை, இந்த மாத்திரை அதைத் தொடக்கூடத் தொடாது என்று சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன். மிச்சம் எதுவும் வைத்திருக்கவும் இல்லை.